போர் மறுநடிப்புக்குப் புதியவரா? துப்பாக்கி வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் கோடைக்கால வார இறுதியில் காரில் போகும்போது, ஏதாவது ஒரு பண்ணை வயலில் வெள்ளைக் கூடாரங்கள் வரிசை கட்டி நிற்பதையும், நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஆட்கள் கொளுத்தும் வெயிலில் கவாத்து பழகுவதையும் பார்க்கலாம். சினிமாப் படப்பிடிப்பு என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் உண்டு. அவர்கள் ரீஎனாக்டர்கள். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரைத் தங்கள் சொந்தச் செலவில் மறுபடி நிகழ்த்திக் காட்டுகிறவர்கள். திங்கட்கிழமை இவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் தச்சர், ஒருவர் மென்பொருள் நிறுவன ஊழியர்.

இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் சங்கங்கள் இருக்கின்றன. பெல்ஜியத்தில் வாட்டர்லூ போரை நடத்துகிறார்கள். ரோமானியப் படையாக அணிவகுப்பவர்களும் உண்டு. இங்கே அமெரிக்க உள்நாட்டுப் போரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், புதியவருக்கு வேண்டிய உடையும் சாமானும் சுலபமாகக் கிடைக்கின்றன. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவையும் புரியும்.

முதலில் ஒரு தெளிவு. மேடை நாடகத்தில் ஒவ்வொருவருக்கும் வசனம் இருக்கும். இங்கே இல்லை. எந்தப் படை எங்கிருந்து வரும், எது பின்வாங்கும், யார் ஜெயிப்பது என்பதை மட்டும் தளபதிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். மற்றபடி வரிசையில் நிற்கும் சிப்பாய்க்குத் தெரிவது, அன்று அசல் சிப்பாய்க்குத் தெரிந்த அளவுதான்: முன்னால் புகை, பக்கத்தில் ஒருவன், பின்னாலிருந்து சார்ஜென்டின் அதட்டல்.

எல்லா நிகழ்ச்சியும் சண்டை அல்ல. பார்வையாளர்களுக்காக நடக்கும் பெரிய சண்டைகள் ஒரு வகை. முகாம் போட்டு, வருகிற குடும்பங்களுக்குச் சிப்பாயின் வாழ்க்கையை விளக்கும் நிகழ்ச்சிகள் இன்னொரு வகை. மூன்றாவது வகைக்குப் பார்வையாளரே கிடையாது. முதுகில் சுமக்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் காட்டில் நடந்து, கிடைத்ததைத் தின்று, தரையில் படுப்பார்கள். புதியவர் நேராக இந்த மூன்றாவதில் குதிக்க வேண்டாம்.

இதன் வேர் போரில் கலந்துகொண்டவர்களிடமே இருக்கிறது. உள்நாட்டுப் போரின் பெரிய சண்டைகளில் ஒன்றான கெட்டிஸ்பர்க் போரின் 50ஆம் ஆண்டு நினைவாக 1913இல் இரு தரப்பிலிருந்தும் 50,000க்கு மேற்பட்ட முதியவர்கள் அங்கே கூடினார்கள். ஜூலை 3 அன்று, தாங்கள் இளைஞர்களாக ஓடிய அதே வயலில் தென்தரப்பு முதியவர்கள் மெல்ல நடந்து கல்சுவர் வரை வர, சுவருக்கு அப்பால் நின்ற வடதரப்பு முதியவர்கள் கை குலுக்கினார்கள். போரின் நூற்றாண்டு தொடங்கிய 1961இல் வர்ஜீனியாவின் மனாசஸில் நடந்த பெரிய மறுநடிப்புதான் இன்றைய பாணிக்கு ஒரு தொடக்கம். அது திருவிழாக் கூத்தாகிவிட்டது என்று அன்றே பலர் முகம் சுளித்தார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை தன் வசமுள்ள போர்க்களங்களில் இரு தரப்பும் மோதிக்கொள்ளும் நடிப்பை அனுமதிப்பதில்லை. உண்மையாக மனிதர்கள் செத்த மண்ணில் செத்தது போல நடிக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதனால்தான் பெரிய சண்டைகள் பக்கத்துப் பண்ணைகளிலும், தனியார் அறக்கட்டளை நிலங்களிலும், சில மாநிலப் பூங்காக்களிலும் நடக்கின்றன. வர்ஜீனியாவில் சீடர் கிரீக், கென்டக்கியில் பெரிவில், ஃபுளோரிடாவில் ஒலஸ்டீ ஆகியவை பேர் போனவை.

யார், எங்கே, எந்த மாதம்

இந்தத் துறையில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு கருத்து இருக்கிறது. ரீஎனாக்டர்கள் அதை ‘இம்ப்ரெஷன்’ என்பார்கள். நீங்கள் யாராக நிற்கிறீர்கள் என்பதே அது. ‘உள்நாட்டுப் போர் சிப்பாய்’ என்றால் போதாது. எந்தப் படை, எந்த இடம், எந்த மாதம் என்று சொல்ல முடிய வேண்டும். சொல்லிவிட்டால் தொப்பி முதல் செருப்பு ஆணி வரை அதிலிருந்து தானாக வந்துவிடும்.

ஒரு சின்ன உதாரணம். வடதரப்புச் சிப்பாயின் தொப்பியில் துணியால் வெட்டிய ஒரு சின்னத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பல டிவிஷன்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவுக்குக் ‘கோர்’ என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். இரண்டாம் கோர் என்றால் மூவிலை, ஐந்தாம் கோர் என்றால் மால்டா சிலுவை, பன்னிரண்டாம் கோர் என்றால் நட்சத்திரம். சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற நிறம் அந்தக் கோரின் முதல், இரண்டாம், மூன்றாம் டிவிஷன்களைக் காட்டும். பார்க்க அழகு, கடையில் சில டாலருக்குக் கிடைக்கும், புதியவர் கை முதலில் அங்கேதான் போகும். ஆனால் வடதரப்பின் முக்கியப் படையான போடோமாக் படையில் ஜெனரல் ஹூக்கர் இந்தச் சின்னங்களைக் கொண்டுவந்தது 1863 மார்ச்சில். 1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க்குக்கு அது பொருந்தும். 1862 செப்டம்பரில் நடந்த ஆன்டீட்டம் போருக்கு அதை வைத்துக்கொண்டு போனால், யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள், ஆனால் பக்கத்தில் நிற்பவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பார்.

இப்படிப் பொருந்தாதவற்றை மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ‘ஃபார்ப்’ என்று ஒரு வசைச்சொல் உண்டு. எதிர்முனையில், தையலின் எண்ணிக்கையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களை ‘நூல் எண்ணுகிறவர்கள்’ என்று கிண்டல் செய்வார்கள். பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், தையலைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். கைக்கடிகாரம், பிளாஸ்டிக் பாட்டில், மின்னும் ஸ்போர்ட்ஸ் ஷூ ஆகிய மூன்றையும் காரிலேயே விட்டுவிட்டு வந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

எந்த வேடம் என்பதில் என் பரிந்துரை ஒன்றே: வடதரப்புக் காலாட்படைச் சாதாரணச் சிப்பாய். மாதம் 13 டாலர் சம்பளம் வாங்கிய ஆள். அவனுக்கு அரசாங்கமே உடை கொடுத்தது என்பதால் உடை ஏறக்குறைய ஒரே மாதிரி, அதனால் வாங்குவதும் கடன் கேட்பதும் சுலபம். குதிரைப்படை என்றால் குதிரையும் அதை ஏற்றி வர வண்டியும் வேண்டும். பீரங்கிப் படையில் பீரங்கி வைத்திருக்கும் குழுவோடு சேர்ந்தால்தான் வேலை. அதிகாரி வேடத்தில் ஆசை எல்லோருக்கும் வரும். வாளும் தங்கப் பட்டையும் கண்ணைப் பறிக்கும். கவாத்துக் கட்டளை ஒன்றும் தெரியாமல் கேப்டன் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவரைப் போல அங்கே பரிதாபத்துக்குரியவர் வேறு யாரும் இல்லை.

குழுவைத் தேடுங்கள், கடையை அல்ல

தனியாளாக இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு குழுவும் அன்றைய ஒரு ரெஜிமென்டின் (படைப்பிரிவின்) ஒரு கம்பெனியின் (அதன் உட்பிரிவின்) பெயரைத் தாங்கியிருக்கும். முதலில் ஒரு நிகழ்ச்சிக்குச் சாதாரணப் பார்வையாளராகப் போங்கள். சண்டை நேரத்தில் அல்ல, காலையில் முகாமில் காபி கொதிக்கும் நேரத்தில் போய்ப் பேசுங்கள். ஆள் தேவைப்படாத குழு அநேகமாக இல்லை. கேட்க வேண்டியவை: புதியவருக்கு இரவல் உடை, துப்பாக்கி கொடுப்பீர்களா? வருடத்துக்கு எத்தனை நிகழ்ச்சி? காப்பீடு உண்டா? கவாத்துப் பயிற்சி தனியாக நடத்துவீர்களா? இரவல் கொடுக்காத, பயிற்சி நடத்தாத குழுவை விட்டுத் தள்ளுங்கள். பதில் சொன்ன விதத்திலேயே ஆட்கள் எப்படி என்றும் தெரிந்துவிடும். இரண்டு நாள் ஒரே கூடாரத்தில் கிடக்கப்போகிறீர்கள், அதுவும் முக்கியம்.

முதல் ஓரிரு நிகழ்ச்சிகள் இரவலிலேயே ஓடட்டும். பிடித்திருந்தால் வாங்கத் தொடங்கலாம். அப்போதும் முதலில் வாங்க வேண்டியது காலணி. இரவல் சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் பரவாயில்லை, அன்றைய சிப்பாய்க்கும் அப்படித்தான் இருந்தது. இரவல் காலணி காலைக் கடித்தால் மறுநாள் நடக்க முடியாது. தோல் அடிப்பாகத்தில் மர ஆணி அடித்த, கணுக்கால் உயரக் காலணி அது. வீட்டிலேயே சில நாள் போட்டு நடந்து பழக்குங்கள். குதிகாலில் இரும்பு லாடம் இருந்தால் தார் ரோட்டில் வழுக்கும், ஜாக்கிரதை.

அப்புறம் நான்கு பித்தான் வைத்த அடர்நீலக் கம்பளிக் கோட்டு, வெளிர்நீலக் கம்பளிக் கால்சட்டை, பருத்திச் சட்டை, தொப்பி. இடைவாரில், துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் ‘கேப்’ வைக்கும் சின்னப் பை. தோளில் 40 தோட்டா கொள்ளும் தோல்பெட்டி, உணவுக்கு ஒரு துணிப்பை, தண்ணீருக்கு ஒரு தகரக் குடுவை. ஜூலை வெயிலில் கம்பளியா என்று மலைக்க வேண்டாம். வியர்வையை உறிஞ்சும். அதைவிட முக்கியமாக, வெடிமருந்துப் பொறி மேலே விழுந்தால் கம்பளி சட்டெனப் பற்றாது. பாலியெஸ்டர் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உள்ளாடை உட்பட எதிலும் அது வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் அக்காலத்து வட்ட ஃபிரேமில் தங்கள் பவரைப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் சேர்த்து, துப்பாக்கியோடு, சுமார் 1,500 முதல் 2,500 டாலர் வரை ஆகும். பழையது வாங்கினால் குறையும். இதை விட்டு விலகுகிறவர்கள் மொத்தமாக விற்பார்கள், குழுவில் சொல்லி வையுங்கள். நிகழ்ச்சிகளில் ‘சட்லர்’ என்ற கூடாரக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே பளபளவென்று தொங்குவதில் பாதி தப்பான சரக்கு. குழுவில் மூத்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

இந்தச் சந்தையில் இந்தியச் சரக்கும் உண்டு. உலகம் முழுக்க மறுநடிப்பாளர்கள் இடுப்பில் கட்டும் வாள்களில் கணிசமானவை டேராடூனில் அடித்தவை. பிரிட்டிஷ், பிரெஞ்சு காலத்துப் பழைய பாணித் துப்பாக்கிகளின் நகல்களும் இந்தியாவிலிருந்து போகின்றன. விலை மலிவு, ஆனால் சுடுவதற்குப் பாதுகாப்பானவையா என்று பெரிய சண்டையே நடக்கும். உள்நாட்டுப் போருக்குப் பலரும் வைத்திருப்பது, 1861 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு அல்லது 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கியின் இத்தாலிய நகல். ஸ்பிரிங்ஃபீல்டின் நீளம் 56 அங்குலம், எடை ஒன்பது பவுண்டு. கையில் ஏந்தி அரை மணி நேரம் நின்றால் ஒன்பது பவுண்டு என்றால் என்னவென்று தோளுக்குத் தெரியும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் இந்த நகல் துப்பாக்கிகளை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாக நவீனத் துப்பாக்கிகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. மாநிலச் சட்டங்கள் அப்படியல்ல, நியூஜெர்சி போன்ற இடங்களில் கெடுபிடி அதிகம். 2022இல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த துப்பாக்கிச் சட்டத்தால் அங்கே சில மறுநடிப்புகள் ரத்தாகின, பிறகுதான் விதிவிலக்கு வந்தது. வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் இரவல் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அதுவரை கொடி பிடிக்கலாம், முரசு அடிக்கலாம், தண்ணீர் சுமக்கலாம். அந்த வேலைகளுக்கும் ஆள் வேண்டும்.

கவாத்தும் சோதனையும்

அன்று பயன்பட்ட கவாத்துக் கையேடுகளையே இன்றும் பின்பற்றுகிறார்கள். சாதாரண நடை என்றால் காலடிக்கு 28 அங்குலம், நிமிடத்துக்கு 90 காலடி. இரண்டு வரிசையாக, முழங்கை முழங்கையைத் தொடும்படி நிற்க வேண்டும். அந்தத் தொடுகை விட்டுப்போனால் வரிசை கோணிவிடும். புதியவருக்கு வரும் குழப்பமெல்லாம், ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி நிற்கச் சொல்லி, திரும்பும்போது இரண்டாம் எண்காரர் பக்கத்தில் ஏறி நின்று நான்கு வரிசையாக மாறும் இடத்தில்தான். உங்கள் எண் என்ன, பக்கத்தில் யார் என்ற இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பக்கத்து ஆள் தோளைப் பிடித்து இழுத்துச் சரி செய்துவிடுவார்.

சண்டைக்கு முன்னால் பாதுகாப்புச் சோதனை நடக்கும். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எல்லோரும் துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, கெட்டிக்கும் இரும்புக் கம்பியைக் குழலுக்குள் போடுவார்கள். சார்ஜென்ட் வரிசையாக வந்து, ஒவ்வொரு கம்பியையும் கொஞ்சம் தூக்கி விடுவார். அடியில் வெற்று இரும்பில் மோதினால் ‘டிங்’ என்று தெளிவாக ஒலிக்கும். ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது: போன முறை எரியாமல் தங்கிய மருந்தோ, கந்தல் துணியோ. அந்த ஆள் வரிசையை விட்டு வெளியே. அடுத்தது கேப். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப் போன்றதுதான், செம்புத் தொப்பி வடிவத்தில் இருக்கும். மருந்து போடாமல் கேப்பை மட்டும் மாட்டி, குழல் வாயைப் புல்லின் மேல் தாழ்த்தி விசையை இழுப்பார்கள். புல் நுனி அசைந்தால் நெருப்பு போகும் துளை அடைப்பின்றி இருக்கிறது. அசையாவிட்டால் இன்னொரு கேப்.

களத்தில் குண்டு கிடையவே கிடையாது. காகிதத் தோட்டாவில் கருமருந்து மட்டும், நாலு கிராம் அளவில். பல்லால் காகிதத்தைக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். காகிதத்தை உள்ளே திணிக்கக் கூடாது. கெட்டிக்கும் கம்பியை உருவவே கூடாது என்பது அநேகமாக எல்லா நிகழ்ச்சிகளிலும் விதி. பதற்றத்தில் அதை உள்ளேயே மறந்துவிட்டுச் சுட்டால் அது அம்பாகப் பறக்கும். எதிரி கிட்டே இருந்தால் குழலை அவர் தலைக்கு மேலே உயர்த்தித்தான் சுட வேண்டும். குழல் முனையில் செருகும் கத்தியான பயனெட்டை அணிவகுப்புக்கு மட்டும் பொருத்துவார்கள்.

பின்வரிசையில் நிற்கிறவரின் குழல் முன்வரிசைக்காரரின் வலது தோளுக்கு மேல் நீளும். முதல் தடவை காதுக்குப் பக்கத்தில் வெடிக்கும்போது உடம்பே குலுங்கும். காதில் தக்கை வைத்துக்கொள்ளுங்கள், அதை யாரும் ஃபார்ப் என்று சொல்ல மாட்டார்கள். துப்பாக்கி ஏந்த 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது பல இடங்களில் நடைமுறை.

சரி, யார் சாவது? இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். சில நிகழ்ச்சிகளில் தளபதியே ‘இந்த இடத்தில் பாதிப் பேர் விழுங்கள்’ என்று சொல்லிவிடுவார். மற்றபடி அவரவர் இஷ்டம். தோட்டா தீர்ந்துவிட்டது, துப்பாக்கி மக்கர் செய்கிறது, வெயில் தாங்கவில்லை, நிழலான இடமாக ஒன்று கண்ணில் பட்டது என்று சாவுக்குக் காரணங்கள் பல. விழும்போது துப்பாக்கியை எறியாமல் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு விழ வேண்டும். உண்மையாகவே மயக்கம் வந்தால் நடிப்பு என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்கென்று ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு சொல் வைத்திருப்பார்கள், காலையில் சொல்லுவார்கள். பெரும்பாலும் ‘மெடிக்’. அதைக் கேட்டதும் அந்தப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நின்றுவிடும். அங்கே உண்மையான எதிரி வெயில்தான். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடியுங்கள்.

சண்டை ஒரு மணி நேரம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் முகாம். அங்கே புகழ்பெற்ற உணவு ஹார்ட்டாக்: மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட, மூன்று அங்குலச் சதுர பிஸ்கட். அப்படியே கடித்தால் பல்லுக்கு உத்தரவாதம் இல்லை. காபியில் ஊறவைப்பார்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துப் பன்றிக்கொழுப்பில் வறுப்பார்கள். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். வடதரப்புப் படைக்கு அளந்து கொடுத்த உணவில் பீன்ஸ், பட்டாணி, அரிசி, காபி, சர்க்கரை எல்லாமே இருந்தன. தகரக் குவளையில் சோறு பொங்கிச் சாப்பிடுவது வரலாற்றுக்குப் புறம்பானதல்ல.

நம் முகத்துக்கு அங்கே இடமுண்டா?

நிச்சயம் உண்டு. கான்டனில் பிறந்த சீனரான ஜோசப் பியர்ஸ், 14ஆம் கனெக்டிகட் ரெஜிமென்டில் சேர்ந்து கெட்டிஸ்பர்க்கில் போரிட்டவர். சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடதரப்பில் சேவை செய்தார்கள். அவர்களில் 54ஆம் மாசசூசெட்ஸ் ரெஜிமென்டின் நினைவை இன்று கறுப்பின ரீஎனாக்டர்கள் பல ஊர்களில் தாங்கி நிற்கிறார்கள். பெண்களும் சிப்பாயாக நிற்கலாம். 153ஆம் நியூயார்க் ரெஜிமென்டில் லயன்ஸ் வேக்மன் என்ற பெயரில் இருந்து 1864இல் இறந்தவரின் உண்மைப் பெயர் சாரா ரொசெட்டா வேக்மன். 1989இல் ஆன்டீட்டம் பூங்கா நிகழ்ச்சியில் சிப்பாய் உடையில் வந்த லாரன் குக் பர்ஜஸ் என்பவரைப் பெண் என்பதற்காக வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டு 1993இல் ஜெயித்தார்.

எந்தத் தரப்பு என்பது சும்மா ஒரு உடை நிறப் பிரச்சினை அல்ல. தென்தரப்பு அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோனது. பிரிந்துபோன மாநிலங்கள் பல தங்கள் பிரகடனங்களிலேயே அதை எழுதி வைத்திருக்கின்றன. நடிப்பு நடக்க இரண்டு தரப்பும் வேண்டும் என்பதால், ஆள் குறையும் இடத்தில் ஒரே ஆள் காலையில் வடதரப்பு நீலமும் மாலையில் தென்தரப்புச் சாம்பல் நிறமும் போடுவதும் சகஜம். ஆனால் முகாமுக்கு வெளியேயும் தென்தரப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு திரிகிற, போருக்கு அடிமைமுறை காரணமே இல்லை என்று வாதிடுகிற குழு என்றால் விலகி நடப்பதே நல்லது. 2017இல் சீடர் கிரீக் நிகழ்ச்சியில் குழாய் வெடிகுண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்ட பிறகு, பல இடங்களில் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியதும் படுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். அதற்கு முன் துப்பாக்கி. கருமருந்தின் கரி காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை ஒரே இரவில் துருப்பிடிக்க வைத்துவிடும். குழலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, ஈரம் காய்ந்ததும் எண்ணெய் தடவுங்கள். கேப் மாட்டும் முனையைக் கழற்றி அதையும் கழுவ வேண்டும். இரவல் துப்பாக்கி என்றால் இன்னும் சுத்தமாகத் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள், அடுத்த முறையும் இரவல் கேட்க வேண்டியிருக்கும்.